ஈரலுக்கும் கண்ணுக்கும் என்ன உறவு?

"அக்கா, கண்ணுக்கு ஒரு டாக்டர், வயிற்றுக்கு ஒரு டாக்டர் என்று ஆளுக்கொரு பக்கம் இருக்கிறார்கள். என் மாமனாருக்கு ஈரல் கெட்டுப்போய் இரண்டு வருஷமாக வைத்தியம் நடக்கிறது. இப்போது சில மாதமாக விளக்கு வைக்கும் நேரமானால் கண் தெரியவில்லை என்கிறார். கண்ணாடியும் மாற்றிப் பார்த்தாகிவிட்டது. வயசாகிவிட்டது, அப்படித்தான் இருக்கும் என்று விட்டுவிடலாமா?"

திருமங்கலம் பக்கத்திலிருந்து ஒரு சகோதரி இப்படிக் கேட்டு எழுதியிருக்கிறார்.

விட்டுவிடக் கூடாது சகோதரி. கண்புரை, கண்ணாடி நம்பர் என்று வேறு காரணங்களும் இருக்கலாம்தான். ஆனால் நாள்பட்ட ஈரல் நோய்க்காரருக்கு மாலை வேளையில் பார்வை மங்கினால், அந்த ஈரலே காரணமாக இருக்க இடமுண்டு. அப்படி இருந்தால் அதற்கு மருந்தும் உண்டு. கண் டாக்டரிடம் போகும்போது ஈரல் சீட்டையும், ஈரல் டாக்டரிடம் போகும்போது இந்தக் கண் விஷயத்தையும் எடுத்துக்கொண்டு போங்கள். கண் டாக்டர் கேட்காவிட்டால் நீங்களாகச் சொல்லுங்கள். வயிறு எங்கே, கண் எங்கே என்று நாம் நினைப்பதால்தான் இந்தத் தகவல் டாக்டரின் காதுக்கே போய்ச் சேருவதில்லை.

எனக்குத் தெரிந்த ஒரு கண் டாக்டரம்மாவிடம் உட்கார்ந்து இதை விவரமாகக் கேட்டுக்கொண்டேன். அவர் சொன்னதை அடுப்படிப் பாஷையில் சொல்கிறேன்.

சினிமாக் கொட்டகையில் படம் ஓடிக்கொண்டிருக்கும்போது உள்ளே நுழைந்தால் முதலில் ஒன்றுமே தெரியாது. கொஞ்ச நேரம் கழித்துத்தான் நாற்காலியும் ஆட்களின் தலையும் தெரியத் தொடங்கும். கண்ணுக்குள்ளே, பின்சுவரில் ஒட்டினாற்போல் விழித்திரை என்று ஒரு மெல்லிய படலம் இருக்கிறது. அதிலே இருட்டில் பார்ப்பதற்கென்றே கோல் வடிவத்தில் கோடிக்கணக்கான செல்கள். அந்தக் கோல் செல்களுக்குள் ஊதா கலந்த சிவப்பாக ஒரு நிறமி; ரோடாப்சின் என்று பெயர். வெளிச்சம் பட்டால் வெளுத்துவிடும், இருட்டில் மறுபடி ஊறும். அது ஊறுவதற்கு வேண்டிய முதல் சரக்கு வைட்டமின் ஏ. விழித்திரையில் வைட்டமின் ஏ இருக்கிறது என்று 1933-இல் கண்டுபிடித்தவர் ஜார்ஜ் வால்ட் என்ற அமெரிக்கர். பார்வையைப் பற்றிய ஆராய்ச்சிக்காக 1967-இல் அவருக்கு நோபல் பரிசில் பங்கு கிடைத்தது.

சரி, இதில் ஈரல் எங்கே வந்தது என்கிறீர்களா? நம் பாட்டி வீடுகளில் நெல்லுக்குக் குதிர் இருக்குமே, வைட்டமின் ஏ-க்கு ஈரல்தான் குதிர். உடம்பில் உள்ள வைட்டமின் ஏ-யில் பெரும்பகுதி அங்கேதான் சேமிப்பாக இருக்கிறது. நல்ல ஆரோக்கியமான ஆளுக்கு அந்தச் சேமிப்பு மாதக்கணக்கில் தாங்கும். ஒரு வருஷத்துக்கு மேலும் தாங்கலாம்.

குதிர் மட்டுமா? கீரையிலும் பாலிலும் உள்ள இந்தச் சத்து எண்ணெயில் கரைகிற ஜாதி. குடலில் அது உறிஞ்சப்பட வேண்டுமானால் பித்தநீர் வேண்டும். பித்தநீரைச் சுரப்பது ஈரல். குதிரிலிருந்து எடுத்துக் கண்ணுக்குக் கொண்டுபோய்ச் சேர்க்க ஒரு வண்டி வேண்டும். அது ஒரு வகைப் புரதம். அதைத் தயாரிப்பதும் ஈரல். ஆகக்கூடி வரவு, இருப்பு, பட்டுவாடா மூன்றுமே ஒரே இடத்தில். அந்த ஈரல் வடு விழுந்து சுருங்கிப்போனால் (டாக்டர்கள் சிரோசிஸ் என்பார்கள்) வீட்டில் தினம் முருங்கைக்கீரை சமைத்தாலும் கண்ணுக்கு எட்டாமல் போகலாம்.

மதுரைக்கு இந்த வைட்டமின் கதை புதிதில்லை. டாக்டர் கோ. வெங்கடசாமியைத் தெரியாதவர் இங்கே உண்டா? 1918-இல் வடமலாபுரத்தில் பிறந்தவர். முடக்குவாதத்தால் விரல்கள் கோணிப்போன பிறகும் அந்தக் கைகளாலேயே ஆயிரமாயிரம் கண்களுக்கு ஆபரேஷன் செய்தவர். 2006-இல் காலமானார். மதுரை அரசு ஆஸ்பத்திரியில் கண் பிரிவுத் தலைவராக இருந்த நாட்களில் அவரிடம் வந்த கண் நோயாளிகளில் சின்னஞ்சிறு குழந்தைகளும் இருந்தன. வைட்டமின் ஏ இல்லாமல் முதலில் மாலைக்கண், பிறகு கண் வறண்டு, கடைசியில் கருவிழியே கரைந்துபோகும் கொடுமை. மருந்து கொடுத்து அனுப்பினால் போதாது என்று 1970-களில் அந்தக் குழந்தைகளைத் தாயோடு தங்கவைத்து, எதைச் சமைத்து எப்படி ஊட்டுவது என்று சொல்லிக்கொடுக்க ஊட்டச்சத்து மையமே ஏற்படுத்தினார். பணி ஓய்வு பெற்றபின் 1976-இல் அண்ணா நகரில் ஒரு வீட்டில் 11 படுக்கையோடு அவர் தொடங்கியதுதான் அரவிந்த் கண் ஆஸ்பத்திரி.

அந்த அரவிந்தைச் சேர்ந்த டாக்டர் லட்சுமி ரஹ்மத்துல்லா என்ற பெண்மணி தலைமையில் திருச்சி மாவட்டக் கிராமங்களில் ஓர் ஆய்வு நடந்தது. 15,419 குழந்தைகள். வாரம் ஒரு தடவை வீட்டுக்கு வீடு போய், ஒரு பாதிக் குழந்தைகளுக்குச் சிறு அளவு வைட்டமின் ஏ கொடுத்தார்கள். வைட்டமின் ஏ பெற்ற பிள்ளைகளிடையே சாவு, பெறாத பிள்ளைகளைவிடப் பாதிக்கும் கீழே இறங்கிவிட்டது. 1990-இல் அமெரிக்காவின் பெரிய மருத்துவப் பத்திரிகையில் இது வெளிவந்தது. கண்ணுக்கென்று ஆரம்பித்தது உயிருக்கே காவல் என்று தெரிந்த கதை இது. நம் பக்கத்து ஜனங்களின் வாசலில் தெரிந்துகொண்டது என்பதில் எனக்குக் கொஞ்சம் பெருமைதான்.

அந்தக் குழந்தைகளுக்குக் குதிர் நன்றாகத்தான் இருந்தது, போட நெல்லில்லை. ஈரல் நோய்க்காரருக்கு நெல் இருக்கிறது, குதிர் ஓட்டை. இரண்டு பேருக்கும் பொழுது சாய்ந்தால் ஒரே இருட்டு.

மேலூர்ப் பக்கம் எனக்குப் பழக்கமான ஒரு குடும்பம். பெயர் வேண்டாம். வீட்டுக்காரருக்குக் குடிப்பழக்கத்தால் ஈரல் போய், வயிற்றில் நீர் கோத்து, பிழைத்ததே பெரிசு என்று எழுந்து வந்தவர். டாக்டர் சொன்ன அன்றே குடியை நிறுத்திவிட்டார். பதினோரு மாதம் தொடவில்லை. அப்புறம் ஒருநாள் கருக்கலில் வாசல்படி தெரியாமல் விழுந்தார். இன்னொரு நாள் தண்ணீர்ச் சொம்பைத் தட்டிவிட்டார். சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் கையை வைத்துத் துழாவினார். அந்தப் பெண் என்ன நினைப்பாள்?

"மதினி, மறுபடி ஆரம்பிச்சிட்டாரு மதினி. பிள்ளை மேல சத்தியம் பண்றாரு, நான் எப்படி நம்புறது?" என்று என்னிடம் வந்து அழுதாள். அவருடைய அம்மாவோ, "அவன் வாயை மோந்து பாரு" என்று தினம் அந்தி நேரத்தில் மகனைச் சோதித்துக்கொண்டிருந்தாள். அந்த மனுஷர் வாய் திறக்காமல் இருட்டுவதற்கு முன்பே சாப்பிட்டுவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுக்க ஆரம்பித்துவிட்டார்.

நான் அவளிடம் ஒன்றுதான் கேட்டேன். "ஏம்மா, காலையில எப்படி இருக்காரு? பட்டப்பகல்ல தடுமாறுறாரா?"

யோசித்துப் பார்த்துவிட்டு, "இல்லையே... பகல்ல ஊசியில நூலே கோக்குறாரு" என்றாள்.

போதையில் தடுமாறுகிறவனுக்கு வெயிலென்ன, இருட்டென்ன? மதுரைக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். கண்ணில் சொட்டு மருந்து விட்டு விழித்திரையைப் பார்த்தார்கள். இரத்தத்தில் வைட்டமின் ஏ பார்த்தார்கள். ரொம்பக் குறைவு. துத்தநாகச் சத்தும் குறைவு. அதுவும் ஈரல் நோயில் சகஜமாம். அது குறைந்தால் வைட்டமின் ஏ கொடுத்தாலும் சரியாக வேலை செய்யாதாம். டாக்டர் அளந்து கொடுத்த மருந்தில் சில வாரத்தில் அந்தி வெளிச்சத்தில் ஆள் அடையாளம் தெரிய ஆரம்பித்துவிட்டது. மாமியார் மகனிடம் ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் அவனுக்குப் பிடித்த பணியாரம் சுட்டுக்கொண்டு வந்தாளாம்.

குடிக்காதவர்களுக்கும் ஈரல் சுருங்கும், இதை நன்றாக மனசில் வாங்கிக்கொள்ளுங்கள். பி, சி வகைக் காமாலைக் கிருமிகள், சர்க்கரை வியாதியோடும் பருமனோடும் வரும் கொழுப்பு ஈரல் எல்லாமே அந்த வழியில் கொண்டுபோய் விடலாம். சொட்டு சாராயம் தொடாத நம் போன்ற பெண்களுக்கும் வருகிறது. "ஈரல் நோயா? அப்போ..." என்று இழுக்கிற உறவுக்காரர்களிடம் இதைச் சொல்லுங்கள்.

விழித்திரையில் வைட்டமின் ஏ-யோடு முடிந்துவிடவில்லை. விழித்திரை மூளையின் கிளை மாதிரி. நரம்புத் திசுவால் ஆனது. கெட்ட ஈரலால் இரத்தத்திலிருந்து அம்மோனியாவைச் சரியாக வெளியேற்ற முடியாது. அது மூளையைக் கலக்குவது போலவே விழித்திரையில் நரம்பு செல்களைத் தாங்கிப் பிடிக்கிற 'முல்லர் செல்'களையும் மாற்றிவிடுகிறது என்று 1990-களில் ஜெர்மானிய ஆய்வாளர்கள் எழுதினார்கள். இது பெரும்பாலும் நோயாளிக்கே தெரியாது. விழித்திரையின் மின்சாரத் துடிப்பைப் பதிவு செய்யும் ஈ.ஆர்.ஜி. என்ற சோதனையில்தான் தெரியும். எல்லோருக்கும் அது வேண்டியதில்லை. ஆனால் அம்மோனியா மூளைக்கு ஏறுவதை வீட்டிலிருக்கிற பெண்ணால் எவருக்கும் முன்னால் கண்டுபிடிக்க முடியும். பகலெல்லாம் தூக்கம், ராத்திரி கொட்டக் கொட்ட விழிப்பு, கையெழுத்து கோணிப்போவது, கையை நீட்டச் சொன்னால் மணிக்கட்டு பறவை இறக்கை போல் அடித்துக்கொள்வது, பழகிய ஊரில் வழி தெரியாமல் நிற்பது. இதற்கு மறுநாள் காலை வரை காத்திருக்க வேண்டாம், உடனே ஆஸ்பத்திரி. இரண்டு நாள் மலச்சிக்கலே சிலருக்கு இதைக் கிளப்பிவிடும்.

ஈரல் நோயில் மண்ணீரல் வீங்கி இரத்தத் தட்டுகள் குறையும். இரத்தசோகையும் சேர்ந்தால் விழித்திரையில் சிறு இரத்தக் கசிவுகள் தெரியலாம். கூடவே சர்க்கரையும் இருந்தால் வருஷம் ஒரு தடவை விழித்திரைப் பரிசோதனை கட்டாயம். பார்வை நன்றாக இருக்கிறதே என்று தள்ளிப்போடாதீர்கள். சர்க்கரை விழித்திரையைத் தின்னும்போது ஆரம்பத்தில் சத்தமே போடாது. சொட்டு மருந்து விட்டால் சில மணி நேரம் பார்வை மங்கலாக இருக்கும், வெயில் கூசும். துணைக்கு ஆள் போங்கள். அன்றைக்கு ஸ்கூட்டர் ஓட்டிக்கொண்டு திரும்ப வேண்டாம்.

இன்னொன்று, நம் பக்கம் மாமன் மகள், அக்காள் மகள் என்று சொந்தத்தில் கொடுத்து வாங்குவது அதிகம். அதனால் சொல்கிறேன். பிறவியிலேயே விழித்திரை மெல்ல மெல்ல நசிக்கும் ஒரு பரம்பரை நோயும் மாலைக்கண்ணாகத்தான் ஆரம்பிக்கும். அதற்கு ஈரலும் காரணமில்லை, கீரையும் மருந்தில்லை. அதேபோல் பள்ளிக்கூடம் போகும் பிள்ளைக்குக் காரணம் புரியாமல் ஈரல் கோளாறு வந்தால், கருவிழி ஓரத்தில் பச்சையும் பழுப்புமாக ஒரு வளையம் இருக்கிறதா என்று கண் டாக்டர் விளக்கு வைத்துப் பார்ப்பார். உடம்பில் செம்பு சேர்ந்துபோகும் வில்சன் நோய் என்று ஒன்று உண்டு. ஆரம்பத்தில் பிடித்தால் மாத்திரையில் அடங்கும். அந்தப் பிள்ளையின் கூடப்பிறந்தவர்களையும் சோதிக்க வேண்டும், அவர்களுக்கு ஒரு தொந்தரவும் இல்லாவிட்டாலும்.

"அப்படியானால் ஆட்டு ஈரலை வாங்கி வறுத்துப் போட்டால் சரியாகிவிடுமே" என்று உங்களில் பலர் இந்நேரம் நினைத்திருப்பீர்கள். மாலைக்கண்ணுக்கு ஈரல் தின்னச் சொல்வது ஆதிகாலத்து வைத்தியம். பழைய கிரேக்க வைத்தியர்களும் சொல்லியிருக்கிறார்கள். காரணம் தெரியாமலே அவர்கள் கண்டுபிடித்தது சரிதான், ஆட்டின் குதிரும் ஈரல்தானே! ஆனால் நோய்ப்பட்ட ஈரலுக்கு அளவு மீறிய வைட்டமின் ஏ விஷம். 1597-இல் வடதுருவப் பக்கம் மாட்டிக்கொண்ட டச்சுக் கப்பல்காரர்கள் பனிக்கரடியின் ஈரலைத் தின்றுவிட்டு உடம்பெல்லாம் தோல் உரிந்து கிடந்தார்கள். அவ்வளவு வைட்டமின் ஏ அதில். நாட்கணக்கில் அதிகமாகச் சாப்பிட்டால் நல்ல ஈரலே சுருங்கிப்போகும். அதனால் மருந்துக்கடையில் நாமே கேட்டு வாங்கி விழுங்குகிற விஷயமில்லை இது. இரத்தம் பார்த்து, அளவு சொல்ல வேண்டியவர் டாக்டர்.

கர்ப்பிணிப் பெண்களும் முதல் மாதங்களில் ஈரல் வறுவலை ஒதுக்கிவைப்பது நல்லது. அளவு மீறினால் வயிற்றுப் பிள்ளைக்கு ஆகாது. 'சுவரொட்டி சாப்பிடச் சொன்னார்களே' என்பீர்கள். சுவரொட்டி என்பது மண்ணீரல், அது இரும்புச் சத்துக்காகக் கொடுப்பது. கறிக்கடையில் இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் கட்டிக் கொடுத்துவிடுவார், பார்த்து வாங்குங்கள். கீரை, கேரட், பரங்கிக்காய், பப்பாளி, மாம்பழம் இவற்றில் உள்ள சத்தை உடம்பு தனக்கு வேண்டிய அளவுதான் வைட்டமின் ஏ-யாக மாற்றிக்கொள்ளும். அதில் இந்தப் பயமில்லை.

நம் வீடுகளில் காமாலை என்றதும் எண்ணெய் தொடாதே, பருப்பு தொடாதே என்று உப்பில்லாக் கஞ்சியில் போட்டுவிடுகிறோமே, அந்தப் பத்தியத்தில் எனக்குக் கோபம் உண்டு. துளி எண்ணெய் இல்லாவிட்டால் கீரையின் சத்து குடலில் ஏறவே ஏறாது. ஈரல் நோய்க்காரருக்குப் புரதம் கூடுதலாகவே வேண்டும் என்பதுதான் இன்றைய வைத்தியம். பருப்பு, மோர், முட்டை எல்லாம் கொடுக்கலாம். வயிற்றில் நீர் கோத்திருந்தால் உப்பைக் குறைக்க வேண்டும், அது நிஜம். ராத்திரி வெறும் வயிற்றோடு படுக்கக் கூடாது. தூங்கப்போகுமுன் ஒரு டம்ளர் பாலும் இரண்டு இட்லியுமாவது உள்ளே போகட்டும். சர்க்கரை உள்ளவர்கள் டாக்டரிடம் அளவு கேட்டுக்கொள்ளுங்கள். கண் மஞ்சளாக இருக்கிறது என்று கண்ணிலேயே மூலிகைச் சாறு பிழிகிறார்களே, அதை மட்டும் யார் சொன்னாலும் செய்யாதீர்கள். மஞ்சள் இரத்தத்தில் இருக்கிறது. சாற்றால் கருவிழி புண்ணாகி உள்ள பார்வையும் போனவர்கள் உண்டு.

வைத்தியம் நடக்கும்வரை வீட்டிலும் சில காரியம் பார்க்கலாம். வாசல்படி விளிம்பில் அகலமாக வெள்ளைப் பெயின்ட் அடியுங்கள். கக்கூஸுக்குப் போகும் வழியில் ராத்திரி முழுக்க ஒரு சின்ன பல்பு எரியட்டும். நடக்கிற இடத்தில் அரிவாள்மனை, அம்மிக்குழவி, குடம் எதுவும் கிடக்க வேண்டாம். ஈரல் நோய்க்காரர் விழுந்து அடிபட்டால் இரத்தம் எளிதில் நிற்காது. பொழுது சாய்ந்தபின் வண்டிச் சாவியை நீங்கள் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை.

கைக்குழந்தைக்காரிகளுக்கு இரண்டு வார்த்தை. பிறந்த குழந்தைக்கு மஞ்சள் வருவது சகஜம், பெரும்பாலும் தானே போய்விடும். ஆனால் இரண்டு வாரம் தாண்டியும் கண் மஞ்சளாக இருந்தால் டாக்டரிடம் காட்டுங்கள். முக்கியமாக, துணியில் மலத்தின் நிறத்தைப் பாருங்கள். மலம் சுண்ணாம்பு போல, களிமண் போல வெளுத்தும், சிறுநீர் துணியில் மஞ்சள் கறை படிகிற மாதிரியும் இருந்தால் பித்தக்குழாய் அடைபட்டிருக்கலாம். அதற்கான ஆபரேஷனைப் பிறந்த 60 நாளுக்குள் செய்தால்தான் நல்ல பலன். "வெயிலில் காட்டு, சரியாப் போகும்" என்று அப்பத்தா சொல்வதைக் கேட்டு அந்த நாட்களைக் கழித்துவிடாதீர்கள். பித்தநீர் குடலுக்கு வராத அந்தக் குழந்தைகளுக்கு வைட்டமின் ஏ-யும் ஏறாது; டாக்டர்கள் தனியாகக் கொடுப்பார்கள்.

மற்றப் பிள்ளைகளுக்கு அரசாங்கமே வைட்டமின் ஏ திரவம் இலவசமாகக் கொடுக்கிறது. முதல் தவணை 9 மாதம் முடிந்ததும், தட்டம்மை-ரூபெல்லா ஊசியோடு, 1 மில்லி. அப்புறம் ஆறு மாதத்துக்கு ஒரு தடவை 2 மில்லி, ஐந்து வயது வரை, மொத்தம் 9 தவணை. ஒரு தவணை விட்டுப்போனால் இரண்டையும் சேர்த்துக் கொடுக்கச் சொல்லிக் கேட்காதீர்கள். அங்கன்வாடியிலோ கிராம சுகாதார நர்ஸிடமோ அட்டையை நீட்டும்போதே, "இது எத்தனையாவது தவணைம்மா?" என்று கேட்டுத் தேதியோடு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.